லூப் போதும் என்கிறவர்களுக்கு

கிளஸ்டரில் கணக்கு ஓட்டுகிறவர்களிடம் பாராமீட்டர் ஸ்வீப், அதாவது ஒரே நிரலை வெவ்வேறு மதிப்புகளுடன் திரும்பத் திரும்ப ஓட்டுவது, பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வருகிறது: "நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட், ஒரு ஃபார் லூப். இதற்குப் போய் எக்ஸ்எம்எல் ஸ்கீமா எதற்கு?" மாணவர்களும் இதையே சொல்கிறார்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இது தவறான நம்பிக்கை. வீணாகும் கணினி நேரம்கூடப் போகட்டும். எந்த மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டோம் என்ற பதிவே ஆய்விலிருந்து காணாமல் போகிறது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

வெப்பநிலைக்கு 10 மதிப்பு, அழுத்தத்துக்கு 10, செறிவுக்கு 10 என்றால் லூப் 1,000 வேலைகளை வரிசையில் தள்ளுகிறது. ஷெட்யூலரின் பார்வையில் அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. மொத்தத்தையும் நிறுத்த வேண்டுமானால் பெயரை வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும். 437ஆவது வேலை தோற்றால் அது எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம் என்பதை ஸ்கிரிப்ட் எழுதியவர்தான் சொல்ல வேண்டும். அதற்குள் அவர் ஸ்கிரிப்டைத் திருத்தியிருந்தால் அவராலும் முடியாது. ஸ்லர்ம் ஷெட்யூலரில் ஜாப் அரே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நிறுத்தும் சிக்கலை அது தீர்க்கவும் செய்கிறது. ஆனால் அரே ஒவ்வொரு வேலைக்கும் தருவது ஒரு முழு எண்ணை மட்டுமே. அந்த எண்ணை வகுத்து, மீதி கண்டு மூன்று மதிப்புகளாகப் பிரிக்கும் கணக்கு பழையபடி ஸ்கிரிப்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இதற்கு வேறு வழி உண்டு. குளோபல் கிரிட் ஃபோரம் 2005இல் ஜேஎஸ்டிஎல் என்ற எக்ஸ்எம்எல் வேலை விவரிப்பு மொழியை வெளியிட்டது. அதன் வாரிசான ஓப்பன் கிரிட் ஃபோரம் 2009இல் அந்த மொழிக்கு பாராமீட்டர் ஸ்வீப் நீட்சி ஒன்றைச் சேர்த்தது. அதை வடிவமைத்தவர்கள் எடுத்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். மாறும் இடத்தில் டாலர் குறி போட்டு வெற்றிடம் விடுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்து நிற்கும்; ஸ்கீமா சோதனையில் ஆவணம் தோற்றுவிடும். அவர்கள் மூல ஆவணத்தைத் தொடவே இல்லை. எந்தக் கணு மாற வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல் ஆவணத்தின் பகுதிகளைச் சுட்டும் எக்ஸ்பாத் மொழியைக் கொண்டு வெளியிலிருந்து சுட்டினார்கள். அதனால் மூல ஆவணம் எப்போதும் முழுமையான, ஓடக்கூடிய ஒரு வேலையாகவே இருக்கிறது. ஆயிரத்தை அனுப்பும் முன் ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரே மதிப்பு நிரலின் ஆர்க்யுமென்டிலும் வெளியீட்டுக் கோப்பின் பெயரிலும் சேர்ந்து மாற வேண்டுமா? மதிப்புகளை இடங்களோடு இணைக்கும் பகுதிக்கு அசைன்மென்ட் என்று பெயர்; ஒரே அசைன்மென்டில் இரண்டு இடங்களையும் சுட்டினால் போதும். ஒரு ஸ்வீப்புக்குள் இரண்டு அசைன்மென்ட் வைத்தால் இரண்டும் கைகோத்து நகரும். ஸ்வீப்புக்குள் ஸ்வீப் வைத்தால் எல்லாச் சேர்க்கைகளும் கிடைக்கும். இந்த வேறுபாடு லூப்பில் குறியீட்டின் போக்குக்குள் புதைந்திருக்கும். இங்கே ஆவணத்தின் அமைப்பிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

எக்ஸ்எம்எல் எழுதச் சலிப்பூட்டுவது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதே அமைப்பை ஜேசனில் எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. எக்ஸ்பாத்திலும் ஆபத்து உண்டு: மூன்றாவது ஆர்க்யுமென்ட் என்று சுட்டியபின் நடுவில் ஒன்றைச் செருகினால், சத்தமில்லாமல் வேறொன்று மாறும். எதற்கும் பொருந்தாத சுட்டலையும், எதிர்பார்த்ததைவிட அதிக இடங்களில் பொருந்துவதையும் பிழையென்று நிறுத்துவது கருவியின் கடமை.

தசம எண்களை லூப்பில் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 0.1ஐ மூன்று முறை கூட்டினால் இரட்டைத் துல்லியத்தில் 0.3ஐவிட இம்மியளவு அதிகமாக வரும். 0.3 வரை ஓடு என்று எழுதிய லூப் 0.2உடன் நின்றுவிடும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். வரைபடத்தில் ஒரு புள்ளி குறையும். மதிப்புகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்ட ஆவணத்தில் அந்தப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று எவரும் படித்தே சொல்லிவிடலாம்.

நீட்சியை வடிவமைப்பவர்களிடமும் எனக்கு ஒரு கண்டிப்பான கோரிக்கை உண்டு. ஸ்வீப்பைப் புரிந்துகொள்ளாத ஷெட்யூலர் அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு மூல வேலையை மட்டும் ஓட்டி, வெற்றி என்று அறிவிக்கக் கூடாது. தெரியாத நீட்சி வந்தால் முழு ஆவணத்தையும் திருப்பி அனுப்பட்டும்.