குதிக்கால் வெடிப்பு: பிளேட் வேண்டாம், பொறுமை வேண்டும்



பனி கொட்டத் தொடங்கி இரண்டு மாதம் போனால் எம்மவர் வீடுகளில் ஒரே முறைப்பாடுதான். காலுறையைக் கழற்றினால் வெள்ளைத் தூளாகத் தோல் கொட்டுகிறது. படுத்தால் குதிக்கால் போர்வையில் கொழுவி இழுக்கிறது. கோயில் வாசலிலும் தெரிந்தவர் வீட்டு வாசலிலும் சப்பாத்தைக் கழற்றக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் ரொறன்ரோவில் நாம் போன வீடுகளிலெல்லாம் இந்தக் கதையைக் கேட்டோம். ஆகவே இம்முறை பாதங்களைப் பற்றியே எழுதுகிறோம்.

ஊரில் இதைப் பித்தவெடிப்பு என்போம். பெயரில் பித்தம் இருந்தாலும் காரணம் பித்தமல்ல, வறட்சிதான். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நிறைய உண்டு. ஆனால் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் அங்கே இல்லை. எனவே அந்தத் தோல் எளிதில் காய்ந்துவிடும். காய்ந்த தோல் தடித்து, வளையும் தன்மையை இழக்கும். அதன் மேல் எமது உடற்பாரம் இறங்கும்போது குதிக்காலின் ஓரம் பிளக்கிறது.

ஊரிலும் வெறுங்காலோடு நடந்தோமே, அங்கே இவ்வளவு மோசமாகவில்லையே என்று கேட்பீர்கள். அங்கே காற்றிலேயே ஈரம் இருந்தது. கிணற்றடியில் குளிக்கும்போது கால் நன்றாக ஊறும். துவைக்கிற கல்லிலோ பொச்சுமட்டையாலோ குதிக்காலைத் தேய்ப்போம். பிறகு எண்ணெய் வைப்போம். யாரும் வைத்தியம் என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் ஊறவைத்தல், தேய்த்தல், எண்ணெய் பூசுதல் என்ற மூன்றும் தினமும் நடந்தன. இங்கே ஹீற்றர் வீட்டுக் காற்றை உலர்த்திவிடுகிறது. அவசரமாகச் சுடுதண்ணீரில் குளித்து, துடைத்தும் துடைக்காமலும் காலுறையை இழுத்துக்கொண்டு பஸ்சுக்கு ஓடுகிறோம். பிறகு எட்டு, பத்து மணி நேரம் தொழிற்சாலையிலோ உணவகக் குசினியிலோ நிற்கிறோம்.

இனி பிளேட்டுக்கு வருவோம். எமக்கு மிக நெருங்கிய ஒருவர் உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை செய்தார். ஒரு விடுமுறை நாளில், தடித்த தோலைச் சவர பிளேட்டால் சீவினார். நோகவில்லை. நோகாததால் இன்னும் கொஞ்சம் சீவினார். நான்கு நாள் கழித்து, உடுப்புத் தோய்க்கப் போன மனைவி காலுறையில் சீழும் இரத்தமும் இருந்ததைக் கண்டார். டொக்டர் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் அவருக்குச் சலரோகம் இருப்பதே தெரியவந்தது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தபடியால்தான் வெட்டியது தெரியவில்லை. கால் தப்பியது. ஆனால் மூன்று மாதம் வேலையில்லை. வந்த கடனும் கட்டுப்படவில்லை, ஊருக்குக் காசும் போகவில்லை. இதை யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. தெற்காசிய மக்களிடையே சலரோகம் அதிகம், அது இருப்பது தெரியாமலே பலர் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறோம்.

எனவே காலைத் தேய்க்க முதல் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011 இல் வெளியிட்ட முறை இது. கருவி எதுவும் தேவையில்லை. ஒருவர் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை ஒரு விநாடியளவு மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. இரண்டு காலிலும் மொத்தம் ஆறு தொடுகை. தொடும்போது அவர் சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை தெரியவில்லையென்றால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். அப்படியானால் கீழே சொல்வதைச் செய்யாமல் முதலில் டொக்டரிடம் போங்கள்.

சலரோகம் இல்லாத, உணர்வு சரியாக உள்ள கால்களுக்கு வீட்டு வைத்தியம் போதும்.

முதலில் ஊறவைத்தல். ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீர் எடுத்துப் பத்து நிமிடம் பாதங்களை வையுங்கள். கொதிக்கிற சூடு வேண்டாம், அது தோலை மேலும் உலர்த்தும். உப்பும் வேண்டாம், வெடிப்பில் எரியும். மணிக்கணக்காக ஊறவைப்பதாலும் பலனில்லை.

அடுத்து தேய்த்தல். துவைக்கிற கல்லுக்குப் பதிலாக இங்கே பியூமிஸ் கல் இருக்கிறது. எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகியதால் உண்டான, துவாரங்கள் நிறைந்த கல். இயற்கையான கல் தண்ணீரில் மிதக்கும். மருந்துக் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. கல்லையும் நனைத்து, ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் எடுக்க நினைக்காதீர்கள். தோல் சிவந்தால் அல்லது நொந்தால் நிறுத்துங்கள். பிளந்து இரத்தம் வரும் இடத்தில் தேய்க்கவே கூடாது. கிழமைக்கு இரண்டு தடவை போதும். கல் இல்லாவிட்டால் இரண்டு கரண்டி சீனியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கலந்து தேய்த்துக் கழுவலாம். இதைக் குளியல் தொட்டிக்குள் நின்று செய்யாதீர்கள். எண்ணெயில் வழுக்கி விழுந்தால் குதிக்காலோடு இடுப்பையும் பார்க்க வேண்டி வரும்.

மூன்றாவது துடைத்தல். விரலிடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். அங்கே ஈரம் நின்றால் பங்கசு பிடிக்கும்.

நான்காவதுதான் முக்கியம். துடைத்த சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே எண்ணெய்ப்பசை பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் நல்லது. குளிருக்குப் போத்தலில் உறைந்திருந்தால் கெட்டுப்போனதென்று எறியாதீர்கள். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைவது இயல்பு. போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தால் உருகும். வாசலீன் இன்னும் நன்றாக ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். எதைப் பூசினாலும் விரலிடுக்கில் பூசாமல், மேலே பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். காலையில் அந்தக் காலுறையைக் கழற்றாமல் அடுப்படிக்கோ சாமி விளக்கருகிலோ போகாதீர்கள். எண்ணெய் ஊறிய துணியில் தீ விரைவாகப் பற்றும்.

தேய்ப்பது கிழமைக்கு இரண்டு தடவைதான், ஆனால் எண்ணெய் தினமும் பூச வேண்டும். மேற்றோல் புதிதாக ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். எனவே ஒரு மாதம் பொறுங்கள். தோல் மிகத் தடித்திருந்தால், மருந்துக் கடையில் 20 அல்லது 25 வீத யூரியா சேர்ந்த கிறீம் கேளுங்கள். டொக்டரின் துண்டு தேவையில்லை. யூரியா தடித்த தோலை இளக்கும். திறந்த வெடிப்பில் மட்டும் எரியும்.

சில வழக்கங்களைக் கைவிடலாம். தேசிக்காய், வினாகிரி, அப்பச்சோடா ஆகியவற்றால் தேய்ப்பது தோலை எரித்து மேலும் உலர்த்தும். மஞ்சள் பூசுவதால் பொருக்கு போகாது, காலுறைதான் மஞ்சளாகும். வீட்டுக்கு ஒரு கல் என்று வைத்து எல்லோரும் தேய்க்கக் கூடாது. ஒருவர் காலின் பங்கசு மற்றவருக்குத் தொற்றும். ஆளுக்கொரு கல் வைத்து, கழுவிக் காயவிடுங்கள்.

எல்லாப் பொருக்கும் வறட்சியல்ல. விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிக் கடித்தால், அல்லது ஒரு காலில் மட்டும் பொருக்கு விடாமல் நின்றால், அது பங்கசாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் மருந்தல்ல. மருந்துக் கடைக்காரரிடம் காட்டிப் பங்கசுக் கிறீம் கேளுங்கள்.

சலரோகம் உள்ளவர்களுக்குச் சட்டம் வேறு. பிளேட், கத்தி, காலாணிக்கு ஒட்டும் அமிலப் பிளாஸ்டர் எதுவும் வேண்டாம். காலை ஊறவைக்கவும் வேண்டாம். கழுவும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், கால் பொய் சொல்லும். ஹீற்றரில் காலை வைத்துச் சூடேற்றாதீர்கள். தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் நிலத்தில் ஒரு கண்ணாடியை வையுங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் புண்ணானாலும், சிவப்பு, வீக்கம், சீழ், நாற்றம் எது கண்டாலும் அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

காசுக்குப் பயந்து பலர் பிந்திப் போகிறார்கள். ஒன்ராறியோவில் 811 இலக்கத்தை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் தாதியுடன் இலவசமாகப் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் உதவியும் கேட்கலாம். சமூக சுகாதார நிலையங்கள் சுகாதார அட்டை இல்லாதவர்களையும் பார்க்கின்றன. அவற்றில் பலவற்றில் பாதங்களைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குக் கிட்ட உள்ள நிலையத்தில் விசாரியுங்கள்.

இன்றிரவு வேலையால் வந்ததும் காலுறையைக் கழற்றி வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். அம்மா, அப்பா கூட இருந்தால் அவர்களுடையதையும் பாருங்கள். எமக்கு நெருங்கியவரின் காலைக் காப்பாற்றியது காலுறையைக் கவனித்த மனைவியின் கண்தான்.