ஊரின் இணையத்தைத் தாங்கும் இரும்புப் பெட்டி

நியாயவிலைக் கடையில் விரல்ரேகை பதிய வேண்டும் என்றாலும், இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றாலும், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வண்டிச் சரக்கு புறப்படுவதற்கு இ-வே பில் எடுக்க வேண்டும் என்றாலும் இன்று முதல் தேவை இணையம். அது அறுந்துபோகும் நாளில் நாம் ‘சிக்னல் இல்லை’, ‘டவர் வேலை செய்யவில்லை’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம். உண்மையில் பல நேரங்களில் கோபுரமும் நலமாக இருக்கிறது. அலையும் நலமாக இருக்கிறது. பழுதடைவது கோபுரத்தின் அடியிலோ, ஏதோ ஒரு மாடியறையிலோ பூட்டிவைக்கப்பட்டிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ரவுட்டரும் சுவிட்சும்தான்.

இந்தக் கருவிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பொறியாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரம் என்றே இதுவரை கருதப்பட்டுவருகிறது. நான் அவ்வாறு கருதவில்லை. வீட்டுக்குக் கம்பியில்லாமல் அகண்ட அலைவரிசை தரும் சேவைகளைப் பெரு நிறுவனங்கள் 2023 முதல் பரப்பிவருகின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில், திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு ரூ.1,39,579 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவ்வளவு பெரிய பணமும், சிறு நகரங்களின் அன்றாட வாழ்வும் சில கருவிகளின் மீது ஏற்றிவைக்கப்படும்போது அந்தக் கருவிகளின் தேர்வு பொதுமக்களின் கேள்வியாகிவிடுகிறது.

சந்திப்பு நிலையம் சொல்லும் பாடம்

விருத்தாசலம் ஒரு ரயில் சந்திப்பு. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் கார்டு லைனில் அமைந்திருக்கும் அந்த நிலையத்திலிருந்து சேலத்துக்கு ஒரு பாதையும் கடலூருக்கு ஒரு பாதையும் பிரிகின்றன. நிலையத்துக்குள் எந்தப் பெட்டி எந்த நடைமேடையில் நிற்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்துவது ஒரு வேலை. வந்த வண்டியைச் சேலம் பாதையில் அனுப்புவதா, திருச்சிப் பாதையில் அனுப்புவதா, ஒரு பாதை அடைபட்டால் எதன் வழியாகச் சுற்றி அனுப்புவது என்று முடிவெடுப்பது இன்னொரு வேலை. தரவுகளின் உலகில் முதல் வேலையைச் சுவிட்ச் செய்கிறது. இரண்டாவதை ரவுட்டர் செய்கிறது.

ஒரு சிறு நிறுவனம் விருத்தாசலத்தை மையமாக வைத்துக் கம்பியில்லா இணையச் சேவை தொடங்குவதாகக் கொள்வோம். நகரத்துக்கு வந்துசேரும் கண்ணாடி இழையிலிருந்து தரவைப் பெற்று, மங்கலம்பேட்டை, கம்மாபுரம், பெண்ணாடம் என்று கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு ரேடியோ இணைப்பின் வழியாகக் கடத்த வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018இல் உரிமம் தேவையில்லை என அறிவிக்கப்பட்டதால், இத்தகைய முயற்சி சிறு முதலீட்டாளர்களுக்கும் எட்டும் தொலைவுக்கு வந்தது. ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு சுவிட்ச், மையத்தில் ரவுட்டர். இவை இணைந்ததே முதுகெலும்பு வலையமைப்பு. ரேடியோ கருவி ஒன்று கெட்டால் ஒரு தெரு பாதிக்கப்படும். முதுகெலும்பில் ஒன்று கெட்டால் ஊரே இருண்டுவிடும்.

விலைப்பட்டியல் சொல்லாதவை

இக்கருவிகளை வாங்குவோர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தை. அந்த எண் பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. தரவு சிறு சிறு பொதிகளாகப் பயணம் செய்கிறது. ஒரு ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் மட்டுமே வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம் பொதிகளைக் கருவி கையாள வேண்டும். பெரிய பொதிகளை வைத்து அளந்து ‘ஒரு ஜிகாபிட்’ என்று விற்கப்படும் மலிவான ரவுட்டர், குரல் அழைப்புகளும் இணைய விளையாட்டுகளும் குவியும் மாலை நேரத்தில் திணறுகிறது. பாதுகாப்பு விதிகளையும், வாடிக்கையாளர்வாரியான வேகக் கட்டுப்பாட்டையும் அதன் மேல் ஏற்றினால் திறன் இன்னும் குறையும். ஆகவே, நொடிக்கு எத்தனை பொதி, எந்தெந்த வசதிகளை இயக்கிய நிலையில் என்று கேட்பதே சரியான கேள்வி.

அடுத்தது நினைவகம். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக இணையத்தின் பாதைப் பட்டியல் 5,12,000 பதிவுகளைக் கடந்தது. அந்த எல்லைக்குள் மட்டும் இடம் வைத்துத் தயாரிக்கப்பட்டிருந்த பழைய ரவுட்டர்கள் பல நாடுகளில் தடுமாறின. இன்று அந்தப் பட்டியல் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. இதைக் கேட்டதும் பெரிய ரவுட்டரைத்தான் வாங்க வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரே ஒரு பெரு நிறுவனத்திடமிருந்து இணைப்பு பெறும் சிறு சேவையாளருக்கு அந்த முழுப் பட்டியலும் தேவையே இல்லை. ‘வெளியே செல்வதெல்லாம் இந்த வழி’ என்ற ஒற்றை விதி போதும். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு பெற்று, எது சிறந்த பாதை என்று தானே முடிவெடுக்க விரும்பும்போதுதான் பெரிய நினைவகத்துக்குச் செலவிட வேண்டும். தேவையை அறிந்தவர் இங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம்.

மிச்சப்படுத்தக் கூடாத இடம் வெப்பமும் மின்சாரமும். அலுவலகப் பயன்பாட்டுக்கான சுவிட்சுகள் பல 40 டிகிரி வரையிலான சூழலுக்கே வடிவமைக்கப்படுகின்றன. சித்திரை வெயிலில் விருத்தாசலத்தின் நிழலிலேயே அந்த அளவு எட்டிவிடும். தகரக் கூரையின் கீழ் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதைச் சூளை வைத்திருக்கும் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே ஓர் அரிய அனுபவம் இருக்கிறது. 2000களின் நடுப்பகுதியில், அரவிந்த் கண் மருத்துவமனை தேனிப் பகுதியில் தன் கிராமப்புறப் பார்வை மையங்களை நீண்ட தொலைவு வைஃபை இணைப்புகளால் மருத்துவமனையுடன் இணைத்தது. கிராமத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியை நகரத்து மருத்துவர் காணொலியில் கண்டார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் புரூவர் குழுவினர் இந்த வலையமைப்பை உருவாக்கினர். 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொன்ன செய்தி முக்கியமானது: வலையமைப்பைப் பெரிதும் வதைத்தது தொலைவோ அலையோ அல்ல, தரமற்ற மின்சாரம். திடீர் மின்னழுத்த ஏற்றத்தில் பலகைகள் எரிந்தன. திடீர் மின்வெட்டில் நினைவக அட்டைகள் சிதைந்தன. மின்னழுத்தம் குறைந்ததும் கருவியைத் தானாகத் துண்டிக்கும் எளிய ஏற்பாடுகளும், உள்ளூர் ஊழியர்களுக்கு அளித்த பயிற்சியும்தான் அந்த இணைப்புகளைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருந்தன.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தை வீழ்த்திப்போட்டதை மறக்க முடியாது. அத்தகைய மாவட்டத்தில் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் நேரடியாக பேட்டரியிலிருந்து இயங்கும் சுவிட்சா, சுவரில் செருகும் சாதாரண அடாப்டரில் இயங்குவதா என்பது சிறு வேறுபாடு அல்ல. ஃபியூஸ் கேரியர் செய்யும் ஊர் இது. சில ரூபாய்ப் பீங்கான் துண்டு எத்தனை விலையுயர்ந்த கருவியைக் காக்கிறது என்பது இங்குள்ளோருக்குத் தெரியும்.

யாரை நம்புவது?

2018 ஏப்ரலில், லாட்வியா நாட்டின் மைக்ரோடிக் நிறுவனம் தன் ரவுட்டர்களில் கண்டறியப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்து புதிய மென்பொருளை வெளியிட்டது. உலகெங்கும் சிறு இணையச் சேவையாளர்கள் அதிகம் நம்பியிருக்கும் மலிவுக் கருவி அது. ஆனால், மாதங்கள் கடந்த பிறகும் லட்சக்கணக்கான ரவுட்டர்களில் அந்த மென்பொருள் ஏற்றப்படவே இல்லை. அவற்றைக் கைப்பற்றியவர்கள், மக்களின் கணினிகளில் அவர்களுக்கே தெரியாமல் மறையீட்டு நாணயம் தோண்டினார்கள். மலிவான கருவி என்பது இங்கே குற்றமல்ல. கருவிக்குப் பின்னால் பராமரிக்கும் மனிதர் இல்லாமல் போனதே குற்றம்.

இந்திய அரசு வேறொரு கோணத்தில் நம்பகத்தை அணுகியது. தொலைத்தொடர்புத் துறைக்கான தேசியப் பாதுகாப்பு ஆணை 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. 2021 ஜூன் 15 முதல், உரிமம் பெற்ற சேவையாளர்கள் ‘நம்பகமான மூலம்’ என அங்கீகரிக்கப்பட்ட கருவிகளையே தங்கள் வலையமைப்பில் புதிதாக இணைக்க வேண்டும். கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே வேளையில், நாடு முழுவதும் உரிமம் பெற்ற பெரு நிறுவனத்துக்குச் சட்டப் பிரிவும் கொள்முதல் பிரிவும் உண்டு. ஒரு மாவட்ட அளவுக்குள் இயங்கும் ‘சி’ பிரிவு உரிமதாரருக்கு ஒரு கணினியும் இரண்டு ஊழியர்களுமே உண்டு. ஒரே படிவம், ஒரே நடைமுறை என்பது இருவருக்கும் ஒரே சுமை ஆகாது. மேலும், எங்கு செய்யப்பட்டது என்பதை மட்டும் விசாரித்து, எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு உண்டு என்பதை விசாரிக்காவிட்டால் நம்பகம் பாதியிலேயே நின்றுவிடும்.

குறைந்த விலையும் குறைந்த பொறுப்பும்

அரசுக் கொள்முதலிலும் படிப்பினைகள் உண்டு. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பணி டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கான ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை அளிக்கும் ஆணைக்கு முரணாக இருப்பதாகக் கூறி, அதை ரத்துசெய்து மறு ஒப்பந்தப்புள்ளி கோருமாறு 2020 ஜூனில் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை அறிவுறுத்தியது. பணிகள் தொடங்கியதே 2022இல்தான். கருவிகளுக்கும் ஏலதாரர்களுக்கும் எழுதப்படும் சில வரி நிபந்தனைகள் ஒரு மாநிலத்தின் கிராமங்களுக்கு ஆண்டுக்கணக்கில் தாமதத்தைக் கொண்டுவர முடியும் என்பதே இதன் பொருள்.

பாரத்நெட்டின் மாற்றமும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் இழைகள் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு ஒற்றைக் கோடாகச் சென்றன. ஓரிடத்தில் மண்வெட்டி பட்டால் அதற்கப்பால் எல்லாம் துண்டிப்பு. திருத்தப்பட்ட திட்டம் வளைய அமைப்புக்கும், பாதையைத் தானே மாற்றிக்கொள்ளும் ரவுட்டர்களுக்கும் மாறியிருக்கிறது. கட்டுமானத்தோடு பத்தாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறது. சிறு சேவையாளர்களுக்கும் இது வழிகாட்டி. 99 விழுக்காடு இயங்கும் வலையமைப்பு என்றால் கேட்க நன்றாக இருக்கும். கணக்கிட்டால் ஆண்டில் 87 மணி நேரத்துக்கு மேல் இணையம் இல்லை என்று பொருள். 99.9 விழுக்காடு என்றால் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. இந்த இடைவெளியைத் தாண்டுவதற்கு ஒரு விலையுயர்ந்த ரவுட்டரைவிட, நடுத்தர விலையில் இரண்டும், கோபுரங்களுக்கு இடையே ஒரு மாற்றுப் பாதையும், அலமாரியில் ஒரு மாற்றுக் கருவியும் அதிகம் உதவும் என்பது என் முடிவு.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் கருவியின் விலையை மட்டும் ஒப்பிடாமல் மின்செலவு, மாற்றுக் கருவி, மென்பொருள் ஆதரவு ஆகியவற்றைச் சேர்த்து ஏழு அல்லது பத்து ஆண்டு மொத்தச் செலவை ஒப்பிட வேண்டும். இரண்டாவதாக, டான்ஃபிநெட்டின் இழையைச் சிறு கம்பியில்லாச் சேவையாளர்கள் வெளிப்படையான, சமமான கட்டணத்தில் பெற வழிசெய்ய வேண்டும். கோபுரத்துக்கு இழை வந்துவிட்டால் முதுகெலும்பின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மூன்றாவதாக, ஒரு மாவட்டத்தின் சிறு சேவையாளர்கள் கூட்டாக மாற்றுக் கருவிகளை இருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்பக அங்கீகாரத்துக்கும் கூட்டாக விண்ணப்பிக்க அரசு இடமளிக்க வேண்டும். நான்காவதாக, எந்த ஊரில் எத்தனை மணி நேரம் சேவை நின்றது, ஏன் நின்றது என்பதைச் சேவையாளர்கள் மாதந்தோறும் வெளியிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். மின்வெட்டுக்குக் கணக்கு கேட்கும் நாம் இணைய வெட்டுக்கும் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை நிலைபெற்றதற்கு அங்கே களிமண் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் ஒரு காரணம். மண்ணையும் சூட்டையும் அறிந்தவர்கள் ஊரிலேயே உருவானார்கள். வலையமைப்புக்கும் அதே வழி பொருந்தும். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் ரவுட்டரைப் பராமரிக்கவும், மின்சாரத்தைச் சீராக்கவும், பழுதைக் கண்டறியவும் சில மாதப் பயிற்சி அளித்தால், நள்ளிரவில் கோபுரம் அடங்கும்போது சென்னையிலிருந்து ஆள் வரும்வரை ஓர் ஊர் காத்திருக்க வேண்டியிருக்காது.