ஒரு குழாயின் பிளவும் ஒரு வண்டியின் மூப்பும்

இலக்கிய அன்பர்கள் கூடுமிடத்தில் மோட்டார் வண்டியின் ரப்பர்க் குழாய்க்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாழ்வோருக்கு அவ்வினா எழாது. இப்பகுதியின் தொழிற்சாலைப் பணியாளர் பலர் ஓட்டுவது, பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ கைமாறி வந்த பழைய டர்போ டீசல் வண்டியைத்தான். அதில் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் பிளந்தால் ஒட்டுவதா, மாற்றுவதா என்பது வீட்டுக் கணக்கைத் தொடும் வினா. மாற்றவே வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால் குழாயைத்தான் மாற்ற வேண்டுமேயன்றி, குழாயின் பெயரால் மற்றவற்றையெல்லாம் அன்று.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூகி 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருத்திலிருந்து வளர்ந்ததே டர்போ. வெளியேறும் புகையின் விசை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் புதுக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. இந்த ஏற்பாட்டில் காற்றுக் குழாய்கள் இரு வகைப்படும். வடிகட்டியிலிருந்து டர்போ வரை செல்வது உறிஞ்சு குழாய். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினை அடைவது அழுத்தக் குழாய். பட்டறைகளில் இரண்டையுமே 'ஏர் ஹோஸ்' என்று ஒரே பெயரால் அழைக்கின்றனர். பெயர் ஒன்றாயினும் அவை பிளந்தால் விளையும் கேடு ஒன்றன்று.

அழுத்தக் குழாய் பிளந்தால் வண்டியே சொல்லிவிடும். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. கடல்மட்டத்தை நோக்க இங்கே காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக மேலேறும் நெடுஞ்சாலையில்தான் டர்போவின் அருமை தெரியும். குழாயில் கீறல் விழுந்த வண்டி அந்த ஏற்றத்தில் 'புஸ்' என்று சீறும், இழுவை இழக்கும். வரவேண்டிய காற்று வராமையால் டீசல் முழுதும் எரியாது கரும்புகை கக்கும். சற்றே புதிய வண்டியாயின் அதன் கணினி எஞ்சினின் ஆற்றலைத் தானே குறைத்துவிடும்.

உறிஞ்சு குழாயின் பிளவோ ஓசையின்றிக் கொல்வது. வடிகட்டிக்குப் பின்னுள்ள கீறல் வழியே வடிகட்டப்படாத காற்று உள்ளே புகும். கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பேர்பெற்றது. கல் அறுக்கும் பட்டறைகளும் கல் லாரிகளும் எழுப்பும் துகள் நம் சாலையோரங்களில் படிந்துகிடக்கிறது. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுழலவல்லது. அந்த வேகத்தில் கல்துகள் மோதினால் அதன் இதழ்கள் அரிபடும். எஞ்சினுக்குள் செல்லும் துகள் சிலிண்டர்ச் சுவரையும் தேய்க்கும். சில நூறு ரூபாயிலோ சில ஆயிரத்திலோ முடிய வேண்டிய பழுது பல பதினாயிரங்களுக்கு ஏறும் வழி இதுதான்.

நம்மூரில் ஒட்டும் முறைகள் பல. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவதுண்டு. பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் வெட்டிச் சுற்றிக் கம்பியால் முறுக்குவதுண்டு. நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க இவை உதவும். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் அழுத்தக் குழாய் தாங்குவது ஏறத்தாழ இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம். அதனோடு எஞ்சினின் சூடும், உள்ளே படியும் எண்ணெய் ஆவியும் சேரும்போது பசை இளகிவிடும். அடுத்த ஏற்றத்திலேயே சீறல் மீண்டும் கேட்கும். மேலும், ரப்பர் ஓரிடத்தில் வெடித்தது என்றால் மற்ற இடங்களிலும் அது இறுகிப்போயிருக்கிறது என்றே பொருள். ஒரு விதிவிலக்கு உண்டு. கிளிப் இறுக்கும் நுனியில் மட்டும் கிழிந்து, குழாய்க்கு நீளமும் மிச்சமிருந்தால் நுனியை வெட்டி மீண்டும் பொருத்தலாம்.

மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. அளவு ஒத்திருக்கிறதே என்று ரேடியேட்டர்க் குழாயை வெட்டி மாட்டுவோர் உளர். ரேடியேட்டர்க் குழாயின் ரப்பர் வெந்நீரைத் தாங்குவதற்கானது. எண்ணெய் பட்டால் உப்பிக் கொழகொழத்துப் போகும். பளபளக்கும் சிலிக்கோன் குழாயும் வெப்பத்தைத் தாங்குமேயன்றி, உட்புறத்தில் எண்ணெய் தாங்கும் பூச்சு இல்லையேல் நாளடைவில் கெடும். மென்மையான குழாயை உறிஞ்சும் பக்கத்தில் மாட்டினால் காற்றிழுப்பில் அது உள்நோக்கி ஒடுங்கிவிடும்.

இத்தனைக்கும் மெக்கானிக்கை மட்டும் பழிப்பது நியாயமாகாது. "ஒரிஜினல் கிடைக்கவில்லை சார், என்ன செய்வது" என்னும் அவரது விடையில் உண்மை உண்டு. மோட்டார் உதிரிபாகங்களை நாட்டுக்கே செய்தனுப்பும் ஊர் ஓசூர். அவ்வூரில் பதினைந்தாண்டுப் பழைய காரின் குழாய் ஒன்றுக்காக எல்லை கடந்து பெங்களூர் ஜே.சி. சாலைக்கும், அங்கும் கிட்டாவிடில் சென்னைப் புதுப்பேட்டைக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருப்பது விந்தையன்றி வேறென்ன?

இது சட்டமன்றம் ஏறாத குறையெனினும் சட்டம் அறியாத குறையன்று. உதிரிபாகங்களையும் பழுதறி கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு பின்னர் மேல்முறையீடுகளில் நீண்டது. 2022-இல் மத்திய நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென அமைத்த குழு, மோட்டார் வாகனங்களையும் தன் எல்லைக்குள் கொண்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டியை வைத்திருப்பவனுக்கு ஒரு கையால் உரிமை, மறு கையால் கட்டணம்! பிளந்த குழாயினால் வரும் கரும்புகையைக் கண்டு, வண்டியே முதிர்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதி விற்றுத்தள்ளியோரையும் நாம் அறிவோம்.

நாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, நம் சிப்காட், சிட்கோ வளாகங்களிலுள்ள சிறு ரப்பர் ஆலைகள் பழைய வண்டிகளின் குழாய்களை மாதிரி கொண்டு வார்த்துத் தரட்டும். எண்ணெய் தாங்கும் ரப்பரா என்பதைக் குழாயின் மேலேயே தமிழில் அச்சிடட்டும். அச்சு செய்ய ஆகும் செலவைப் பத்துப் பேர் கேட்டால் ஏற்க முடியாது, ஆயிரம் பேர் கேட்டால் முடியும். ஆகவே பட்டறைக்காரர்கள் சங்கமாகக் கூடிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வண்டி வைத்திருப்போருக்கு. "டர்போ போய்விட்டது" என்ற சொல்லைக் கேட்டவுடன் பணத்தை எண்ணாதீர்கள். குழாய்களைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கீறல் பெரும்பாலும் மடிப்புகளுக்குள்ளும் அடிப்பக்கத்திலும் ஒளிந்திருக்கும். இரு கையாலும் வளைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கிளிப்புகள் தளர்ந்துள்ளனவா என்றும் நோக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு அழுத்தக் குழாயின்மீது சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழும் இடமே பிளந்த இடம். அங்கே குமிழி எழுந்தும் டர்போவையே மாற்ற வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்துவாராயின், வேறு பட்டறையை நாடுங்கள்.