எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?



ஆரணி என்றதும் பட்டுப்புடவை பற்றித்தான் கேட்கிறார்கள். அது வேற ஆரணி. இது ஆரணியாற்றங்கரை ஆரணி, பெரியபாளையத்துப் பக்கம். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற பையன்களும், கல்லூரிக்குப் போகிற தம்பி தங்கைகளும் நம் வாசிப்பு வட்டத்தில் கேட்ட ஒரு கேள்விதான் இந்தத் தலையங்கம்: "சோசலிசம், பொருளாதாரம்னு பேசறீங்களே, எந்தப் புக்குல ஆரம்பிக்கிறது?"

இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. இடதுசாரித் தோழர் நீட்டும் பட்டியல் 'கம்யூனிஸ்ட் அறிக்கை'யில் தொடங்கி லெனினில் முடியும். அதில் அம்பேத்கர் இருக்க மாட்டார். இருந்தால் கடைசியில், 'சமூகப் பிரச்சினை' என்ற ஓரத்தில். நம்ம ஆளுங்க பட்டியலில் மார்க்ஸ் இருக்க மாட்டார். "அவங்க புத்தகம் நமக்கெதுக்கு?" இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது நமது கருத்து. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கிய மனுசனை முதல் பட்டியல் பொருளாதாரம் தெரியாதவர் ஆக்குகிறது. கூலி என்றால் என்னவென்று சொல்கிற புத்தகத்தை, கூலிக்குப் போகிற நம்ம சனங்க கையிலிருந்தே இரண்டாவது பட்டியல் பிடுங்கி வைக்கிறது.

தொடக்கத்துக்கு மார்க்சின் 'கூலியுழைப்பும் மூலதனமும்' போதும். 1847இல் பிரஸ்ஸல்சில் தொழிலாளர்கள் முன் பேசி, 1849இல் பத்திரிகையில் வந்த சிறு நூல். அதை உங்கள் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒரே மெஷினில் நிற்கிற நிரந்தரத் தொழிலாளிக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கூலி ஏன் வேறு, நடுவில் காண்ட்ராக்டர் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். புத்தகம் பேச ஆரம்பிக்கும். 'மூலதனம்' அப்புறம். அதையும் முதல் அத்தியாயத்தில் தொடங்கி மூச்சுத் திணறிப்போய் மூடி வைத்தவர்கள் நம்மில் அதிகம். 'வேலை நாள்' அத்தியாயத்தில் நுழையுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவனுக்கு அதில் புரியாதது எதுவும் இல்லை.

ஆனால் ஒரு கேள்விக்கு அங்கே பதில் கிடையாது. கழிவுத் தொட்டி கழுவுகிற வேலைக்கு மட்டும் ஏன் சேரியிலிருந்தே ஆள் எடுக்கிறான்? அதற்குத்தான் 1936இன் 'சாதி ஒழிப்பு'. சாதி வேலையைப் பிரிக்கிற ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரிக்கிற ஏற்பாடு என்று அம்பேத்கர் அதில் காட்டினார். இது ஏட்டு விசயமில்லை. 1921இல் சென்னை பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலை, ஒரே முதலாளி. ஆனால் ஊர் வேறு, சேரி வேறு. 'வர்க்க ஒற்றுமை' என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்த ஆண்டின் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் பேசட்டும்.

அதேபோல், மார்க்ஸ் வேண்டாம் என்கிற நம்ம ஆளுங்களும் 1938ஐப் படிக்கட்டும். பிப்ரவரியில் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளியம் இரண்டையும் எதிரி என்று சொன்னவர் அம்பேத்கர். நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தியதும் அவர்தான்.

இனி நிலம். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவன் என்பதால் எனக்கு தினமும் தெரிகிற காட்சி ஒன்று உண்டு. பயிர்க்கடன் என்று யார் வந்தாலும் முதலில் பட்டாவைத்தான் கேட்கிறோம். பட்டா உள்ளவர் உட்கார்கிறார். நடவு நட்டவள் நகைக்கடன் வரிசையில் நின்று காதுத் தோட்டைக் கழற்றுகிறாள். பட்டா எப்படி ஊர்த்தெருவிலேயே போய்ச் சேர்ந்தது? இந்தப் பொருளாதாரத்தை மாஸ்கோ புத்தகங்களில் தேடிப் பயனில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் இருக்கிறது. அப்போது நம்ம பொன்னேரியும் செங்கல்பட்டு ஜில்லாதான். மிராசுதாரின் முன்னுரிமை, படியாளின் கடன், எதிர்த்துப் பேசினால் குடிசையையே காலி செய்ய வைக்கும் அதிகாரம், எல்லாவற்றையும் ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அதன் பின்னால் 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. வேற்றுச் சாதிக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை இருந்தும் அந்த நிலம் கைமாறியது. மீட்கப் போன காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. எந்தப் பட்டியலிலும் இல்லாத இந்த அறிக்கையைத்தான் நாம் முதல் வரிசையில் வைக்கிறோம்.

அப்புறம் 1947இன் 'அரசுகளும் சிறுபான்மையினரும்'. அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் எழுதிக் கொடுத்தது. மூலத் தொழில்கள் அரசுக்கு. காப்பீடு அரசின் ஏகபோகம். விவசாயம் அரசுத் தொழில். நிலத்தைச் சாதி பார்க்காமல் குடிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, கூட்டாகப் பயிரிட வேண்டும். இதையெல்லாம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும், நாளை வருகிற பெரும்பான்மை அழித்துவிடக் கூடாது என்றார். எழுதவிடவில்லை. எழுதாமல் விட்டதன் விலையை 1991க்குப் பிறகு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ரிசர்வ் வங்கியே 'ரூபாயின் பிரச்சினை'யிலிருந்து வந்தது என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். 1923இன் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? கடினமான நூல். தங்க நாணயம், செலாவணி என்று போகும். ஆரம்பிப்பவர்கள் தொட வேண்டாம். அதைவிட 1918இல் சிறு நில உடைமை பற்றி அவர் எழுதிய கட்டுரை நமக்குக் கிட்டத்தில் நிற்கிறது. நிலம் தாங்க முடியாத அளவுக்கு ஆட்கள் அதன்மேல் கிடக்கிறார்கள், தொழில் வளர்ந்து அவர்களை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். சிப்காட் வந்தது. இழுத்துக்கொண்டதா? கேட் வரைக்கும் இழுத்து, காண்ட்ராக்ட் சீட்டு கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது.

இங்கே ஒரு கசப்பான விசயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம்ம வட்டத்துக்கு வருகிற பையன்களே ஒடிசா, பீகார் தொழிலாளிகளை 'வடக்கன்' என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள். "அவன் வந்துதான் எங்க கூலி போச்சு." கூலியை நிர்ணயிப்பவன் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடக்கிறவனா? வேலையில்லாதவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்து உள்ளே இருப்பவன் கூலியை அமுக்குகிற கதையை மார்க்ஸ் 'மூலதன'த்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார். அந்தக் கொட்டகைகளில் நம்மைப் போல சேரியிலிருந்து வந்தவனும் உண்டு. அவன் ஊரில் அவனுக்கும் பட்டா இல்லை.

அடுத்த கூட்டம் வழக்கம்போல ஞாயிறு மாலை. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கி எழுந்து வரலாம். 'கூலியுழைப்பும் மூலதனமும்' ஐந்து பிரதிதான் இருக்கிறது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்போம். சம்பளச் சீட்டு கொண்டு வாங்க. சீட்டே கொடுக்காத கம்பெனி என்றால், கையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க. பக்கத்து அறை ஒடிசாத் தோழர் வருவார் என்றால் அவரையும் கூட்டி வாங்க. இந்தி தெரிந்த தங்கை ஒருவர் நம்மிடம் இருக்கிறார்.

தோழமையுடன்,
ஆசிரியர்