பென்டன்ட் நாமே செஞ்சா மிச்சமா? கணக்குப் போட்டுப் பாருங்க!

வீட்டுல குட்டி சிஎன்சி மெஷின் வச்சிருக்கிற பல பேர், "பென்டன்ட் கடையில வாங்கினா காசு, நாமளே செஞ்சா மிச்சம்"னு சொல்றாங்க. மெஷினை நகர்த்துற கை ரிமோட்தான் பென்டன்ட். ஒரு சுற்றுக்கு 100 பல்ஸ் தர்ற வீல், நாலு பட்டன், உள்ளே ஒரு ஆர்டுயினோ.

என் கருத்து: தாராளமா செய்யுங்க, ஆனா மிச்சம்னு சொல்லாதீங்க. சம்பளம் 30,000, மாசம் 200 மணி நேர வேலைன்னா, உங்க ஒரு மணி நேரம் 150 ரூபாய். 40 மணி நேரம் உட்கார்ந்தா 6,000. பாகங்கள் விலை தனி. இது சேமிப்பு இல்ல, கத்துக்கிற செலவு. பட்ஜெட்ல பொழுதுபோக்குன்னே எழுதுங்க.

நம்ம பரங்கிப்பேட்டையிலேயே பாடம் இருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி சம்பளத்தை விட்டுட்டு, 1830 வாக்கில் ஹீத் இங்க இரும்பாலை தொடங்கினார். பின்னாடி 1839-ல, எஃகுல மாங்கனீசு சேர்க்கிற முறைக்கு இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கினவர். அவ்வளவு அறிவு இருந்தும் ஆலை நஷ்டத்துலதான் போச்சு. ஆர்வம் வேற, கணக்கு வேற.

ஒண்ணுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: எமர்ஜென்சி ஸ்டாப். அதை ஆர்டுயினோ வழியா கொடுக்காதீங்க. புரோகிராம் ஹேங் ஆனா பட்டன் வேலை செய்யாது. ஸ்பிண்டிலுக்கும் மோட்டாருக்கும் போற கரண்டை நேரடியா துண்டிக்கணும்.

எமர்ஜென்சி ஃபண்டும் அப்படித்தான். மார்க்கெட் விழுந்தாலும் உடனே கைக்கு வரணும். ஆறு மாசச் செலவு தனியா இருக்கா? அப்ப வீல் ஆர்டர் போடுங்க. இல்லையா? அடுத்த போனஸ் வரைக்கும் பொறுங்க. உங்க கணக்கைக் கமெண்ட்ல சொல்லுங்க!