ஜிஎல்-5 என்று பார்த்தால் மட்டும் போதுமா?

போன மழைக்காலத்தில் ஒரு காலை, புக்கிட் ரோத்தானைச் சேர்ந்த தம்பி ஒருவர் தன் பிக்கப்பை என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். “அண்ணே, முச்சந்தியில மெதுவா வளைச்சா பின்னால டக் டக்குன்னு இடிக்குது. டிஃபரென்ஷியலே போயிடுச்சு, முழுசா மாத்தணும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க” என்றார்.

சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்வதுதான் அவர் பிழைப்பு. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது. தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கும். வண்டி ஒரு வாரம் படுத்தால் வருமானம் நிற்பதோடு வாடிக்கையும் கைமாறிவிடும்.

“கடைசியா எப்ப பின் அச்சுக்கு எண்ணெய் மாத்தினீங்க?” என்று கேட்டேன்.

“மூணு வாரம் ஆச்சுண்ணே. நல்ல விலையுள்ள ஜிஎல்-5தான் ஊத்தினேன்.”

இடிப்பு தொடங்கியதும் மூன்று வாரத்துக்கு முன்புதான். எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு வழி விடுவதுதான் டிஃபரென்ஷியல். சாதாரண வகையில் ஒரு குறை உண்டு: ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால் அது வீணாகச் சுழலும், மற்றது சும்மா நிற்கும். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் நடந்த தென்னமரம் தோட்டம் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நூறு ஆண்டு தாண்டியும் மழை பெய்தால் நம் தோட்டப் பாதைகள் வழுக்கத்தான் செய்கின்றன. அங்கே கைகொடுப்பது எல்எஸ்டி வகை டிஃபரென்ஷியல்.

பல எல்எஸ்டிகளில் கிளட்ச் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். சேற்றில் அவை இறுகப் பிடிக்க வேண்டும்; தார்ச்சாலை வளைவில் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சமன் செய்வது எண்ணெயில் கலந்திருக்கும் உராய்வு மாற்றி. அது இல்லாவிட்டால் தட்டுகள் ஒட்டி ஒட்டி விடும். தம்பி கேட்ட ‘டக் டக்’ அதுதான். அளவுக்கு மேல் கலந்தாலோ தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். எல்எஸ்டி இருந்தும் பயனில்லை.

ஜிஎல்-5 என்பது பற்சக்கரங்கள் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்கான தரம். தட்டுகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆகவே டப்பாவில் ‘எல்எஸ்டிக்கு ஏற்றது’ என்ற வரியையும் தேடுங்கள். அது இல்லையென்றால், உராய்வு மாற்றியைத் தனியாக வாங்கி, சொன்ன அளவு மட்டும் கலக்க வேண்டும். பற்சக்கரங்களாலேயே இயங்கும் எல்எஸ்டிகளும் உண்டு; அவற்றில் பலவற்றுக்கு இந்தக் கலவை தேவைப்படாது. உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள். சில வண்டிகளில் அச்சின் உறை மீதே ‘எல்எஸ்டி எண்ணெய் மட்டும்’ என்று தகடு இருக்கும்.

அடுத்தது கனம். 75டபிள்யூ-90 என்பதில் முன் எண் குளிருக்கானது. நம் ஊர் வெயிலுக்குப் பின் எண்தான் முக்கியம். “பாரம் ஏத்துறோமே, 140 ஊத்தலாமா?” என்று பலர் கேட்கிறார்கள். கையேடு அனுமதித்தால் ஊற்றலாம். தேவையில்லாத கனம் சூட்டையும் எரிபொருள் செலவையும்தான் கூட்டும்.

மாற்றும்போது, எண்ணெய் ஊற்றும் மேல் திருகை முதலில் கழற்றுங்கள். கீழே வடித்துவிட்ட பிறகு மேல் திருகு அசையாவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடியும் எண்ணெயையும் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழக்கமானது. உலோகச் சில்லுகள் இருந்தால் ஆபத்து. பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டியவர்கள் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே சோதியுங்கள்.

தம்பியின் பழைய எண்ணெயில் சில்லுகள் இல்லை. சரியான எல்எஸ்டி எண்ணெயை ஊற்றி, காலித் திடலில் எட்டுப் போட்டு மெதுவாக ஓட்டச் சொன்னேன். தட்டுகளுக்கு இடையே எண்ணெய் புகுவதற்காக. இடிப்பு அன்றே குறைந்தது, இரண்டு நாளில் நின்றது. எல்லாருக்கும் இப்படி முடியாது. மாதக்கணக்கில் இடிக்கவிட்டால் தட்டுகள் தேய்ந்துபோகும். பிறகு எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

அவர் செலவழித்தது எண்ணெய்க் காசு மட்டும்தான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, வண்டிக் கையேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.