'அநேகமா'வுக்கு எத்தனை சதவீதம்?

எங்க ஆபீஸில் மேனேஜர் "எப்ப முடியும்?" என்று கேட்டால், "அநேகமா வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும் சார்" என்போம். அந்த 'அநேகமா'வுக்கு எனக்கு ஒரு அர்த்தம், பக்கத்து சீட்காரருக்கு ஒரு அர்த்தம். மேனேஜர் காதில் மட்டும் அது 'கண்டிப்பா' என்றே விழும். விளைவு, சனிக்கிழமையும் ஆபீஸ் :-)

எங்களுக்குப் போனது ஒரு சனிக்கிழமை. இதே குழப்பம் உளவுத்துறையில் வந்தால்?

வந்திருக்கிறது. 1951-ல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்குமா என்று அமெரிக்க உளவுத்துறை ஒரு அறிக்கை எழுதியது. அதற்கு 'கணிசமான சாத்தியம்' இருக்கிறது என்று அதில் ஒரு வரி. தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்டிடம் வெளியுறவுத்துறை அதிகாரி ஒருவர் "அப்படின்னா எவ்வளவு?" என்று கேட்டார். "65-க்கு 35" என்றார் கென்ட். கேட்டவருக்கு தூக்கிவாரிப் போட்டது. அவர் ரொம்பக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் தன் சகாக்களிடமும் விசாரித்தார். ஒருத்தர் 20 சதவீதம் என்கிறார், இன்னொருத்தர் 80 என்கிறார். இத்தனைக்கும் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே வாக்கியம்!

அதனால்தான் உளவுத்துறை ஊழியர்களுக்கு ஒரே மாதிரியான அடிப்படைப் பயிற்சியைச் சட்டம் போட்டே கட்டாயமாக்க வேண்டும் என்கிற யோசனையை நான் ஆதரிக்கிறேன்.

இன்னொரு உதாரணம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த கமிஷன் 2004-ல் அறிக்கை கொடுத்தது. தாக்குதலுக்கு முன் எஃப்.பி.ஐ.யில் இருந்த ஆய்வாளர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குத் தகுதி போதாது என்று அந்த அமைப்பின் உள் அறிக்கையே சொன்னதாக அதில் வருகிறது. வேறு வேலையில் நல்லா உழைச்சாங்க என்று பரிசு மாதிரி ஆய்வாளர் பதவி கொடுத்திருக்கிறார்கள். என்னத்த சொல்ல!

அதே 2004-ல் வந்த சட்டம், எல்லா உளவு அமைப்புகளுக்கும் மேலே தேசிய உளவு இயக்குநர் என்ற பதவியை உண்டாக்கியது. 2007-ல் ஆய்வுக்கான தரங்கள் உத்தரவாக வந்தன. 2015-ல் திருத்தியபோது எந்தச் சொல்லுக்கு எத்தனை சதவீதம் என்று அட்டவணையே போட்டார்கள். 'நடக்க வாய்ப்புண்டு' என்றால் 55-லிருந்து 80 வரை. கென்ட் சங்கடப்பட்டு அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! ஆனால் அது இயக்குநர் கையெழுத்தில் வந்த உத்தரவு. நாளைக்கு இன்னொரு இயக்குநர் மாற்றலாம். சட்டத்தை அப்படி சுலபமாக மாற்ற முடியாது.

"ரகசியக் குறியீட்டை உடைப்பவருக்கும் வெளிநாட்டில் ஆள் பிடிப்பவருக்கும் ஒரே பாடமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பஸ் ஓட்டுபவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் லைசென்ஸ் வேறயா இருந்தாலும், சிவப்பு விளக்கு ரெண்டு பேருக்கும் சிவப்புதானே? நான் கேட்பது அந்த சிவப்பு விளக்கு அளவுக்கான பொதுப்பாடம் மட்டும்தான்.

பயிற்சியே எல்லாத்தையும் சரி பண்ணிடாது என்பதும் உண்மை. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத்துக்கு என்று 2002-ல் சி.ஐ.ஏ. சொன்னது. இல்லை, அவை ராக்கெட்டுக்கானவை என்று எரிசக்தித்துறை நிபுணர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு அறிவும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. ஜெயித்ததென்னவோ மற்றவர்கள் வாதம். 2003-ல் போரே வந்தது. தேடிப் பார்த்தால் அணு ஆயுதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. போன உயிர்கள் போனதுதான். ஆகவே மாற்றுக் கருத்து சொல்பவருக்குப் பாதுகாப்பும் அதே சட்டத்தில் இருக்க வேண்டும்.

நம்ம ஊர் கதை? ஐ.பி., ரா இரண்டின் அதிகாரத்தையும் வரையறுக்க 2011-ல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை. அங்கே பாடத்திட்டத்துக்குச் சட்டம் பற்றிப் பேசுகிறோம். இங்கே அமைப்புக்கே சட்டம் கிடையாது.

கடைசியாக ஒன்று. கென்ட் கதையைப் படித்த ஜோரில் மேனேஜரிடம், "வெள்ளிக்கிழமை முடிய 60 சதவீத வாய்ப்பு சார்" என்றேன். "சரி, அப்ப வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்ல?" என்றார்.

பயிற்சி அறிக்கை எழுதுபவர்களுக்கு மட்டும் போதாது போல. வாங்கிப் படிக்கும் தலைவர்களுக்கும் நாலு கிளாஸ் எடுக்கணும்!